இளையாள் வீடு

ஆண்ட்ரியாஸ் யெப்சனுக்கு இரண்டு மனைவிகள். அந்தக் காலத்து யூட்டாவில், எங்கள் கிறிஸ்தவச் சபையில், அது நடந்துகொண்டிருந்த வழக்கம்தான். மூத்தவள் டோர்த்தியா. டென்மார்க்கிலிருந்து அவரோடு கப்பலேறி, பிறகு சமவெளி முழுக்கக் கைவண்டி இழுத்துக்கொண்டு நடந்தே வந்தவள். இளையவள் கிர்ஸ்டினா. ஊர் ஏற்பட்ட பிறகு அடுத்த கூட்டத்தோடு வந்து சேர்ந்தாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. அதனால் தெருவுக்கு இந்தப் பக்கம் டோர்த்தியாவுக்குச் சுண்ணாம்புக்கல்லில் மாடி வீடு, அந்தப் பக்கம் கிர்ஸ்டினாவுக்குச் சுடாத மண்கல்லில் இரண்டு அறை வீடு என்று நேருக்கு நேராகக் கட்டிக்கொடுத்து, மனிதர் மிச்ச ஆயுளை நடுத்தெருவிலேயே கழித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

நான் சொல்ல வந்தது அவர்களுடைய கொள்ளுப்பேத்திகளின் கதை. கல் வீட்டில் நெட்ரா, மண் வீட்டில் லாரூ. இரண்டு பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். நான் அவர்களுக்கு அடுத்த தெரு.

இந்தக் கதை நடந்தபோது நெட்ராவுக்கு அறுபதை ஒட்டிய வயது. நாலாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஆல்டர்ஃபோர்ட் ஊரின் வரலாற்றுச் சங்கம் என்றாலே அவள்தான். ஊருக்கு யார் வந்தாலும் தெரு மூலையில் நிறுத்தி வைத்து, எந்தக் குடும்பம் எந்த வருஷம் வந்தது, யார் எந்தக் கிணறு தோண்டினார்கள் என்று வாய் ஓயாமல் சொல்லுவாள். கடைசியில் தன் வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "இதுதான் இந்த ஊரோட முதல் கல் வீடு" என்பாள். எதிர் வீட்டைப் பற்றி யாராவது கேட்டால், "அது பின்னாடி வந்தது" என்று ஒரே வார்த்தை.

லாரூ வேறு மாதிரி. நெட்ராவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். புருஷனை இழந்தவள். வான்கோழி வெட்டிப் பெட்டியில் அடைக்கும் ஆலையில் வேலை. வீட்டுப் பின்னால் கொஞ்சம் செம்மறி ஆடுகள். குளிர்காலத்தில் தாயில்லாத குட்டிகளைச் சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டி போட்டு வளர்ப்பாள். பழமை, வரலாறு எதுவும் அவள் வாயில் வராது. வீட்டு முகப்பு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதற்கு ஒரு கம்பத்தை முட்டுக்கொடுத்துவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வசந்தத்தில், எங்கள் தெருவைத் தேசியப் பழம்பெரும் இடங்களின் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று பார்க்க, சால்ட் லேக்கிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். வரவழைத்ததே நெட்ராதான். கெல்வின் ஆஸ்லர் என்று பெயர். பழைய கட்டடங்களைச் சோதித்து மதிப்பிடுவதுதான் அவருக்கு வேலை. அவர் வருகிற அன்றைக்கு நெட்ரா ஜாடியில் போட்டு வைத்திருந்த பீச் பழங்களை எடுத்து, மாவுக்குள் வைத்து 'பை' என்ற பலகாரம் சுட்டு வைத்திருந்தாள்.

ஆஸ்லர் முதலில் அவள் வீட்டுக்குத்தான் வந்தார். சுவரில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"படிக்கட்டு இந்த இடத்துலதானே இருந்திருக்கணும்?"

"அப்பா மாத்திட்டாரு. ரொம்பச் செங்குத்தா இருந்துச்சு, அம்மா ஒருதரம் உருண்டுட்டாங்க."

"பழைய ஜன்னல்?"

"குளிர் உள்ள வருதுன்னு அலுமினியம் போட்டோம்."

"வெளியில இந்த சிமெண்ட் பூச்சு?"

"அது கல்லுக்குப் பாதுகாப்புக்கு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் நெட்ராவின் அப்பா செய்த வேலை அதெல்லாம். கல் சுவர்மேல் கம்பிவலை அடித்து வெள்ளை சிமெண்ட் பூசினார். பழைய கதவுகள் விறகாயின. மாடியில் ரோஜா நிறத்தில் ஓடு பதித்த குளியலறை வந்தது. ஊரிலேயே முதல் ரோஜா நிறக் குளியலறை. நிறத்தைத் தேர்ந்தெடுத்தவளே நெட்ராதான்.

ஆஸ்லர் தலையாட்டிக்கொண்டு, பலகாரத்தை அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொல்லி, தெருவைக் கடந்தார்.

நெட்ராவின் சமையலறைத் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல். அங்கே நின்றால் எதிர் வீடு முழுக்கத் தெரியும். அவள் நின்றாள். ஆஸ்லர் லாரூ வீட்டுக் கதவை உடனே தட்டவில்லை. உள்ளங்கையை வைத்துத் தடவினார். லாரூ கொட்டகையிலிருந்து சேற்றுப் பூட்ஸோடு வந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். போனவர் வரவில்லை. நெட்ரா பாத்திரம் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள். வெயில் கொட்டகைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் ஆஸ்லர் வெளியே வந்தார். வந்தவர் முகப்புத் தரையில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்து, பலகைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்தபோது முகத்தில் கல்யாணப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி ஒரு சிரிப்பு.

"என் வீட்டுல அந்தாளு உக்காரக்கூட இல்ல" என்றாள் நெட்ரா மறுநாள் என்னிடம். "அவ வீட்டுல குப்புறப் படுத்துட்டான்."

பழைய சபைக் கூடத்தில் கூட்டம் போட்டோம். ஆஸ்லர் நல்ல மனிதர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அதனாலேயே அவர் சுற்றி வளைத்துச் சொன்னது இன்னும் மோசமாக விழுந்தது. "நெட்ராம்மா வீடு ரொம்பப் பழசுதான். ஆனா அந்தப் பழசு இப்போ எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு. லாரூம்மா வீட்டைப் பொறுத்தவரைக்கும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. முதல் கதவு, முதல் ஜன்னல் கண்ணாடி, முதல் தரைப்பலகை. பைன் மரத்தின்மேல் கோழியிறகாலும் சீப்பாலும் விலை உயர்ந்த ஓக் மரம் மாதிரி வரி வரைந்த பழைய வண்ணம். "இந்த மாநிலத்துலயே இப்படி யாரும் கை வைக்காத வீட்டை நான் பாத்ததில்ல."

"கை வைக்கலன்னா?" என்றாள் நெட்ரா, தலைவி நாற்காலியிலிருந்து. "கவனிக்கலன்னு அர்த்தம்."

கடைசி வரிசையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த லாரூ வாயைத் துடைத்துக்கொண்டாள். "வாஸ்தவந்தான் நெட்ராக்கா. கவனிக்கிறதுக்கு எங்ககிட்ட வக்கு இல்ல. உங்கப்பா நல்லா கவனிச்சுட்டாரு."

கூடம் சிரித்தது. நெட்ராவுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்தது. "யாருக்கு யாருடி அக்கா?" என்று மேஜைக்கு அடியில் சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

லாரூ வீட்டின் கூரையைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும், ஊரே கை கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்க வேண்டியவள் நெட்ராதான். கேட்டாள். ஒரு கை பாக்கியில்லாமல் உயர்ந்தது. ஊர் பார்க்கிறதே என்று கடைசியில் தன் கையையும் தூக்கினாள். தோள் உயரத்துக்கு மேல் அது போகவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு வயிற்றில் எரிந்த அடுப்பு அணையவில்லை. மாவட்டப் பத்திரிகையில் லாரூ கதவில் சாய்ந்து நிற்கிற படம் வந்தது. நெட்ரா பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து, அவள் வீட்டுப் புல்தரையை மிதித்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிர் வீட்டுக்குப் போனார்கள். கடையில், சபையில், தபால் ஆபீஸில் எங்கே போனாலும் லாரூ வீட்டுக் கதவு, லாரூ வீட்டு ஜன்னல்.

"நாற்பது வருஷமா இந்த ஊருக்காகத் தொண்டைத்தண்ணி வத்தினவ நான்" என்று என்னிடம் பொருமுவாள். "அவளுக்குத் தன் கொள்ளுப்பாட்டி எந்த வருஷம் செத்தான்னுகூடத் தெரியாது. அடுப்பங்கரையில ஆட்டுக்குட்டி வளர்த்தவளுக்கு மாலை மரியாதை! சக்களத்தி வீடு சக்களத்தி வீடாத்தான் இருக்கு பாரு. அன்னைக்கு எங்க டோர்த்தியா வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டா, இன்னைக்கு எனக்கு."

"சும்மா இரு நெட்ரா. வீடுதானே?" என்றேன்.

"உன் வீட்டுக்கு எதிர்ல எதுவும் இல்ல. உனக்கென்ன?"

ஒருநாள் அவளுக்கு அந்த யோசனை பிறந்தது. சிமெண்டை உரித்துவிட்டால் உள்ளே இருக்கிற கல் வெளியே வரும். சிறு வயதில் அவள் பார்த்த சுவர் அது. சாயங்கால வெயிலில் தேன் நிறத்தில் இருக்கும், கொத்தனார் உளி போட்ட வரிகள் கதிர் அறுத்த வயல் மாதிரி ஓடும். அந்தச் சுவர் மட்டும் எழுந்து நின்றால் எதிரில் இருக்கிற மண்குடிசை யார் கண்ணில் படும்? அவசரப்பட்டு உரிக்காதீர்கள், அந்தக் கல் ரொம்ப மெத்து என்று ஆஸ்லர் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார். தன்னைப் பின்னுக்குத் தள்ளி வைக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள்.

அண்ணன் மகன் டாலின் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். அவனை வரச் சொன்னாள்.

"அத்தை, முதல்ல பின்பக்கம் ஒரு மூலையில தட்டிப் பாப்போம்" என்றான் டாலின்.

"பின்பக்கத்தை யாரு பாக்கப் போறா? முன்னாடி அடி. ஜூலை இருபத்துநாலுக்குள்ள முடிஞ்சாகணும்."

ஜூலை இருபத்துநாலு எங்களுக்கு முன்னோடிகள் நாள், எங்கள் சபையின் முதல் கூட்டம் யூட்டா வந்து சேர்ந்த நாள். ஊர்வலம், வாணவேடிக்கை எல்லாம் உண்டு. அன்றைக்குத்தான் லாரூ வீட்டைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு.

டாலின் ஏணி போட்டு அடித்தான். முதல் பாளம் பெயர்ந்து புல்லில் விழுந்தது. காய்ந்த புண்ணில் ஒட்டிய துணியை இழுத்தால் பக்கும் சதையும் சேர்ந்து வருமே, அப்படி, சிமெண்டோடு கல்லின் முகமும் கழன்று வந்துவிட்டது. கம்பிவலைக்கு அடித்த ஆணிகள் கல்லை உள்ளுக்குள்ளேயே நொறுக்கி வைத்திருந்தன. டாலின் திரும்பி அத்தையைப் பார்த்தான்.

"அந்த இடம் மட்டும் அப்படியிருக்கும். மேல அடி."

அடித்தான். மேலேயும் அப்படித்தான். ஜன்னலுக்குப் பக்கத்திலும் அப்படித்தான். முன்சுவரில் பாதி அம்மை வடு விழுந்த முகம் மாதிரி ஆனபிறகு அவன் ஏணியிலிருந்து இறங்கிச் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"இனிமே அடிக்க மாட்டேன் அத்தை. நீங்க திட்டுனாலும் சரி."

அவள் திட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து ஒரு சில்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு புறம் சிமெண்ட். அதைப் பிளந்து பார்த்தபோது உள்ளே அந்தத் தேன் நிறமும் உளி வரிகளும் அப்படியே இருந்தன. சுவரில்தான் இல்லை. தெருவில் போன கார்கள் எல்லாம் அன்று அந்த இடத்தில் மெதுவாகப் போயின.

மத்தியானம் லாரூ தெருவைக் கடந்து வந்தாள். கையில் வெள்ளித்தாள் மூடிய தட்டு. எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், உருளைக்கிழங்கைப் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்டு ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். சாவு உருளைக்கிழங்கு என்றே அதற்குப் பெயர். அதுதான் அந்தத் தட்டில் இருந்தது.

நெட்ரா தட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "யாரு செத்தா?"

"உங்க சுவரு."

நெட்ரா கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தத்தான் எழுந்தாள். ஆனால் எழுந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. லாரூ தட்டை ஏணிப்படியில் வைத்துவிட்டுக் கூடவே நின்றாள். பிறகு சொன்னாள்:

"நெட்ராக்கா, எனக்கு உங்க குளியலறையைக் காட்டுவீங்களா?"

"என்னத்தை?"

"அந்த ரோஜாக் கலர் ரூமு. பதினோரு வயசுலேருந்து பாக்கணும்னு ஆசை. உங்க வீட்டுல எங்களை யாரும் உள்ள விட்டதில்லையே."

நெட்ரா மூக்கைத் துடைத்துக்கொண்டு மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். லாரூ வாசலில் நின்று தொட்டியைப் பார்த்தாள், பதித்த ஓடுகளைப் பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள். "இவ்வளவு சின்னதா?" என்றாள்.

"ஏன், அரண்மனைன்னு நெனச்சியா?"

"அரண்மனைதான். எங்க கக்கூஸு கொட்டாய்க்குப் பின்னாடி. பனியில நடந்து போவேன். அங்கேருந்து பாத்தா இந்த ஜன்னல்ல விளக்கு எரியும். உங்க வீடு இடிஞ்சு விழணும்னு மண்டி போட்டு ஜெபம் பண்ணியிருக்கேன், தெரியுமா? இன்னைக்குக் காலையில சுத்தியல் சத்தம் கேட்டதும் பயந்துட்டேன். கடவுள் இவ்வளவு லேட்டாவா காது கொடுப்பாருன்னு."

நெட்ராவுக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அது நின்றதும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நானும் பண்ணேன்."

"என்ன ஜெபம்?"

"உன் கூரையைப் பிரிச்சுப் போட்டிருக்காங்கல்ல? ஒரு பெரிய மழை பெய்ஞ்சா மண்கல்லு கரைஞ்சிடும்னு தினமும் வானத்தைப் பாத்தேன்."

"தெரியும்" என்றாள் லாரூ. "நீங்க வானத்தைப் பாக்கறதை நான் பாத்தேன். அதனாலதான் தார்ப்பாயை ரெண்டாப் போட்டேன்."

பிறகு லாரூ வந்த விஷயத்தைச் சொன்னாள். திறப்பு நாளன்று வீட்டைப் பற்றி ஊருக்குப் பேச வேண்டும். தன்னால் முடியாது. "எனக்கு வான்கோழி வெட்டத் தெரியும். பேசத் தெரியாது. நீங்க பேசுங்க."

"உன் வீட்டைப் பத்தி நானா? மானம் போன எடத்துலயே மைக்கைப் புடிச்சு நிக்கச் சொல்றியா?"

"அப்ப மேயர் பொண்டாட்டியைத்தான் கேக்கணும். அர்வில்லா ரெடியா இருக்கா."

"அவளா!" நெட்ரா எழுந்தே விட்டாள். "அவ வருஷத்தையெல்லாம் தப்பாச் சொல்லுவாளே! டென்மார்க்கையும் நார்வேயையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புவா." ஒரு நிமிஷம் யோசித்தாள். "வரேன். ஆனா நான் என்ன சொல்லணும்னு நீ சொல்லக்கூடாது."

"சரி."

ஜூலை இருபத்துநாலு. ஊர்வலம் முடிந்து, வெயில் ஏறி, குழந்தைகள் கையில் மிட்டாயும் கொடியுமாக லாரூ வீட்டு முன்னால் கூட்டம். முகப்பு நிமிர்ந்து நின்றது. கூரையில் வேய்ந்த புது மரச்சில்லுகள் மணத்தன. நெட்ரா நீலக் கவுன் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தாள். பிறந்ததிலிருந்து எதிர் வீட்டில் இருந்தவள், அன்றைக்குத்தான் அந்த வீட்டு வாசற்படியில் முதல்முறையாகக் கால் வைத்தாள்.

கூட்டத்தை வெளியில் நிறுத்திவிட்டு முதலில் தான் மட்டும் உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். கதவில் ஓக் வரி, ஆஸ்லர் சொன்னது போலவே. கைபட்டுக் கைபட்டு கைப்பிடிக்குப் பக்கத்தில் வண்ணம் தேய்ந்து அடிமரம் தெரிந்தது. அவள் முகத்தில் மறுபடி அந்தப் புகைச்சல் ஏறுவதைப் பார்த்தேன். 'இந்தக் கதவை ஒத்த கதவு எங்கள் வீட்டிலும் இருந்தது' என்று உதடு முணுமுணுத்தது.

பிறகு சமையலறைக்குப் போனாள். அங்கே ஒரு சின்ன ஜன்னல், அலையலையான பழைய கண்ணாடி. அதற்கு முன்னால் போய் நின்றவள் அசையவில்லை. எட்டிப் பார்த்தேன். ஜன்னல் முழுக்க நிறைந்து நின்றது நெட்ராவின் வீடு. வாசற்கதவும் படியும் நேருக்கு நேர்.

"இங்க நின்னுதான் அந்தக் காலத்துல இளையவ பாத்திரம் கழுவியிருப்பா" என்றாள் நெட்ரா மெல்ல. "தினம் சாயங்காலம். அவர் அந்தப் படியில எறங்கறாரா, ஏறறாரான்னு."

வசந்தகாலம் முழுக்க இவளும் ஒரு தொட்டிக்கு முன்னால் நின்றது எனக்குத் தெரியும். அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும்.

வெளியே வந்து பேசினாள். வருஷங்கள், கப்பல், கைவண்டி எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"எங்க வீட்டுல இந்த அம்மாவுக்குப் பேரு கிடையாது. 'எதிர்ல இருக்கறவ', அவ்வளவுதான். எங்க அப்பா அப்படித்தான் சொல்லுவாரு, நானும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். பேரு கிர்ஸ்டினா. இந்த ரெண்டு ரூமுல ஒம்பது பிள்ளைங்களை வளர்த்தாங்க. அவங்க பின்னாடி வந்தவங்கதான். ஆனா அவங்க வீடுதான் நிக்குது. எங்க கதவையெல்லாம் நாங்க அடுப்புல போட்டுட்டோம். இந்தக் கதவை யாரும் போடல. இதுல கை வச்சுப் பாருங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு. அதையும் சொல்லிடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு ஆடு கத்தியது, அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். லாரூ கதவோரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அந்த இலையுதிர்காலத்தில் லாரூ வீடு பட்டியலில் சேர்ந்தது. பித்தளைப் பலகை வந்தது. நெட்ராவின் வீடு சேரவில்லை. அதன் முன்சுவருக்கு ஆஸ்லர் ஒரு கொத்தனாரை அனுப்பினார். சிமெண்ட் இல்லாமல் வெறும் சுண்ணாம்புச் சாந்து குழைத்துப் பூசினார்கள். பார்க்கச் சுமாராக இருக்கிறது. உள்ளே ஈரம் தங்காமல் கல் மூச்சு விடும் என்றார்கள்.

வருகிறவர்களுக்கு இளையாள் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவள் இப்போது நெட்ராதான். அந்நியர்கள் அடுப்பங்கரைக்குள் வருவது லாரூவுக்குப் பிடிக்காது. அவள் ஆடுகளோடு பின்பக்கம் போய்விடுவாள். இரண்டு பேரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சாவியை யார் வைத்துக்கொள்வது, குட்டிகளின் பெட்டியைச் சமையலறையில் வைக்கலாமா, பித்தளைப் பலகையை யார் துடைப்பது என்று வாரத்துக்கு ஒரு சண்டை. பலகையில் 'இளைய மனைவி' என்ற வார்த்தையைப் போட வைத்தவள் நெட்ரா. அதை எதிர்த்துக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முரண்டு பிடித்துப் பிறகு போட்டவள் லாரூ.

போன மாதம் நெட்ராவோடு அவள் வாசலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "இப்பவாவது போச்சா, அந்த எரிச்சல்?"

"எங்க போகும்?" என்றாள் அவள். "காலைல எந்திரிச்சு ஜன்னலைத் திறந்தா எதிர்லதானே நிக்குது."

அதற்குள் தெருவில் ஒரு பஸ் வந்து நின்றது. நெட்ரா எழுந்து கவுனை உதறிக்கொண்டு, "ஏய் லாரூ, ஆட்டைப் புடிச்சுக் கட்டு, ஆளுங்க வராங்க!" என்று கத்திக்கொண்டே தெருவைக் கடந்தாள்.